பிரெஞ்சு டிரெயினில் பிரான்ஸ் இல்லை

போன நவம்பர்ல எங்க வீட்டுப் பின்பக்கம் மூணு வாரம் காயவே இல்லை. வெள்ளம்னு சொல்ற அளவுக்கு ஒண்ணும் கிடையாது, நியூஸ்ல காட்டற மாதிரி படகெல்லாம் விடலை. மழை நின்னு நாலு நாள் ஆச்சு, சுள்ளுன்னு வெயில் அடிக்குது. ஆனா துணி துவைக்கிற கல்லுப் பக்கத்துல கால் வச்சா செருப்பு சேத்துல மாட்டிக்குது. சமையலறைச் சுவர்ல ஓதம் ஒன்றரை அடிக்கு ஏறிடுச்சு. எட்டு வருஷமா காய்ச்சுக்கிட்டு இருந்த முருங்கை மரம், ஒருநாள் காலையில மதில் மேல சாய்ஞ்சு கிடந்தது. வேர் அழுகியிருந்தது.

அப்பா முடிவே பண்ணிட்டார். ரெண்டு லோடு ரப்பிஷ் கொட்டி மேடாக்கி, மேல சிமெண்ட் போட்டுடலாம். நான் ராத்திரி முழுக்க யூடியூப் பார்த்துட்டு, மறுநாள் காபியோட ஒரு பிரசன்டேஷனே கொடுத்தேன். "பிரெஞ்சு டிரெயின்னு ஒண்ணு இருக்குப்பா. நீளமா ஒரு பள்ளம், அதுல ஓட்டை போட்ட பைப், சுத்தி ஜல்லி, மேல மண்ணு. அவ்ளோதான், ஈரம் எல்லாம் போயிடும்." அம்மா தோசையைத் திருப்பிக்கிட்டே ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "போற தண்ணி எங்கடா போகும்?"

எனக்குப் பதில் தெரியலை. பதில் தேடப் போனப்ப கிடைத்த கதைதான் இந்த எபிசோட்.

முதல்ல பேரைப் பார்த்துடலாம். பிரெஞ்சு டிரெயினுக்கும் பிரான்ஸுக்கும் சம்பந்தமே இல்லை. ஹென்றி ஃபிளாக் பிரெஞ்ச் என்று ஒரு அமெரிக்கர். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் வக்கீலாக இருந்து நீதிபதி ஆனவர், விவசாயத்தில் பெரிய ஆர்வம். 1859ல் வயல் வடிகால் பற்றி ஒரு தடிமனான புத்தகம் எழுதினார். அது நல்லா ஓடியது. அவர் பேர் வடிகாலோட ஒட்டிக்கிச்சு. பிற்பாடு அமெரிக்க நிதித் துறையில் துணைச் செயலர் வரைக்கும் போனார். வாஷிங்டன்ல ஆபிரகாம் லிங்கன் பெரிய நாற்காலியில உட்கார்ந்திருக்கிற வெள்ளைச் சிலை இருக்கே, பாதி ஹாலிவுட் படத்துல வருமே, அதை வடிவமைத்த டேனியல் செஸ்டர் பிரெஞ்ச் இவரோட மகன். மகன் பேர் கல்லுல நிக்குது, அப்பா பேர் மண்ணுக்கடியில ஓடுது.

ஆனா ஹென்றி பிரெஞ்ச் இதைக் கண்டுபிடிக்கலை. அப்படி அவர் சொல்லவும் இல்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் கொலுமெல்லா, விவசாயம் பற்றிய தன் நூலில் இதற்கு ஏறக்குறைய முழுச் செய்முறையே கொடுத்திருக்கிறார். மூன்று அடி ஆழம் வெட்டு, பாதி வரைக்கும் சின்னக் கல்லோ சுத்தமான சரளையோ போடு, மேலே மண்ணைத் தள்ளி மூடு. கல் கிடைக்காத ஊரா, சுள்ளிகளைக் கயிறு மாதிரி முறுக்கி அடியில் போடு. யூடியூப்ல நான் பார்த்த வீடியோல இதைவிட அதிகமா இருந்தது ஒரு பிளாஸ்டிக் பைப்பும் ஒரு துணியும்தான்.

சரி, செய்முறை ரெண்டாயிரம் வருஷமா இருக்கு. அப்புறம் ஏன் ஈரம் இன்னும் பிரச்சினையா இருக்கு? ஏன்னா பள்ளம் வெட்டறது கஷ்டமில்லை. தண்ணி எங்கிருந்து வருதுன்னு தெரியணும், எங்கே போகணும்னு தெரியணும். இந்த ரெண்டு கேள்விக்கும் தனித்தனியா வரலாறு இருக்கு.

எங்கிருந்து வருது என்பதற்கு என் ஃபேவரிட் ஆள் ஜோசஃப் எல்கிங்டன். இங்கிலாந்தில் வாரிக்‌ஷயர் பகுதி விவசாயி. 1764ல் அவர் நிலம் இதே மாதிரி சதசதன்னு கிடந்தது. ஆடுகள் நூற்றுக்கணக்கில் செத்துக்கிட்டு இருந்தன. ஈரப் புல்வெளியில் இருக்கிற நத்தை வழியாக ஆட்டின் ஈரலுக்குப் போகிற புழுதான் காரணம் என்பது அதற்கு நூறு வருஷத்துக்கு அப்புறம்தான் தெரிந்தது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஈரம் போகணும் என்பதுதான். நாலைந்து அடி ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டிப் பார்த்தார். பிரயோஜனமில்லை. என்ன பண்றதுன்னு யோசிச்சு நிக்கும்போது, ஆட்டுப்பட்டி போடுவதற்காக ஒரு வேலையாள் கடப்பாரையோடு அந்தப் பக்கம் வந்தார். எல்கிங்டன் அதை வாங்கி வாய்க்காலின் அடியில் இன்னும் நாலு அடி இறக்கி, உருவினார். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு மேலே வந்தது.

அவர் அதுவரைக்கும் மேலேயிருந்து இறங்குகிற தண்ணீரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். உண்மையில் தண்ணீர் கீழேயிருந்து வந்தது. மேட்டில் பெய்த மழை மணல் அடுக்குக்குள் இறங்கி, களிமண்ணுக்கு அடியில் மாட்டி, வெளியே வர வழியில்லாமல் அழுத்தத்தோடு நின்றது. சரியான இடத்தில் ஒரு ஓட்டை போட்டால் பத்து வாய்க்கால் செய்யாத வேலையை அது செய்துவிடும். நம்ம பாஷையில சொன்னா, எரர் ஒரு ஃபைல்ல தெரியுது, பக் வேற ஃபைல்ல இருக்கு.

1795ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அவருக்கு 1,000 பவுண்டு பரிசு கொடுத்தது. ஆனா ஒரு சிக்கல், அவருடைய முறை எல்லாம் அவர் தலைக்குள்ளேயே இருந்தது. எழுதி வைக்கிற ஆள் இல்லை. அதனால ஜான் ஜான்ஸ்டோன் என்று ஒரு நில அளவையாளரைக் கூடவே அனுப்பி, பார்த்துப் பார்த்து எழுத வைத்து, 1797ல் புத்தகமாக வந்தது. ஒரு சீனியர் ரிசைன் பண்றதுக்கு முன்னாடி அவசர அவசரமா டாக்குமெண்டேஷன் எழுத வைப்பாங்களே, அதேதான்.

ஆனா எல்லா ஈரமும் கீழேயிருந்து வருவதில்லை. களிமண் நிலத்தில் மேலே பெய்த மழையே உள்ளே இறங்காமல் நிற்கும். அதற்கு ஒரு ஓட்டை போதாது. ஸ்காட்லாந்தில் டீன்ஸ்டன் என்ற ஊரில் ஒரு பஞ்சு மில்லின் மேலாளர் ஜேம்ஸ் ஸ்மித், தன் பண்ணையில் வேறு மாதிரி செய்தார். இரண்டரை அடி ஆழத்தில், சில கஜத்துக்கு ஒன்றாக, வயல் முழுக்க இணையான கல் வடிகால்கள். ஊற்றைத் தேடவே இல்லை. எங்கே விழுந்தாலும் பக்கத்தில் ஒரு வடிகால் இருக்கும். 1831ல் இதை எழுதி வெளியிட்டார், பிரிட்டன் முழுக்கப் பரவியது.

இதுக்குள்ள அரசாங்கமும் வந்துடுச்சு. அந்தக் காலத்துல அங்கே செங்கல்லுக்கும் ஓட்டுக்கும் வரி உண்டு. வடிகால் ஓட்டுக்கு மட்டும் வரி வேண்டாம் என்று 1826ல் சட்டம் வந்தது. ஒரே நிபந்தனை, ஓட்டின் மேல் 'டிரெயின்' என்ற சொல் முத்திரையாகப் பதிந்திருக்கணும். இல்லைன்னா வரி ஏய்க்க எல்லாரும் இதுதான் சாக்குன்னு கூரையே வேய்ஞ்சிருப்பாங்க. இன்னைக்கும் இங்கிலாந்துல உழும்போது அந்த முத்திரை போட்ட ஓடுகள் கிடைக்குது. 1840களில் உருளை வடிவக் களிமண் குழாயும் அதைச் செய்கிற மெஷினும் வந்தன. 1846ல் வடிகால் போடுவதற்காகவே நில உடைமையாளர்களுக்கு 20 லட்சம் பவுண்டு கடன் ஒதுக்கியது அரசாங்கம்.

இங்க ஒரு சந்தேகம் வரும். அந்தக் களிமண் குழாய்ல ஓட்டையே கிடையாது. அப்புறம் தண்ணி எப்படி உள்ளே போகும்? ஒவ்வொரு குழாயும் சுமார் ஒரு அடி நீளம். ஒன்றோடு ஒன்று ஒட்டி வைத்து, நடுவே பூசாமல் விட்டுவிடுவார்கள். அந்த இடுக்கு வழியாகத்தான் போகும். இப்போ வர்ற பிளாஸ்டிக் பைப்புல ஓட்டை இருக்கு, ஆனா அந்த ஓட்டை கீழே பார்த்து இருக்கணும். நான் முதல்ல இதை நம்பலை. ஓட்டை கீழ இருந்தா தண்ணி ஒழுகிடாதா?

ஒழுகாது. ஏன்னா வடிகால் மண்ணுல இருந்து ஈரத்தை உறிஞ்சி எடுக்கிற சாதனம் கிடையாது. பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சைத் தண்ணியில முக்கித் தூக்கிப் பிடிங்க. கொஞ்ச நேரம் சொட்டும், அப்புறம் நிக்கும். நின்ன பிறகும் ஸ்பாஞ்ச் ஈரமாதான் இருக்கும். அந்த மிச்ச ஈரத்தை மண் பிடித்து வைத்திருக்கும், அதைச் செடிதான் குடிக்கணும். சொட்டுகிற தண்ணீர் மட்டும்தான் வடிகாலுக்கு வரும். மண்ணுக்குள் தண்ணீர் மட்டம் கீழேயிருந்து ஏறி வந்து, பைப்பின் அடியைத் தொட்டதும் உள்ளே நுழைந்து, வாட்டம் இருக்கிற பக்கம் ஓடிவிடும். அதுக்கு மேல மட்டம் ஏறாது. வாட்டம் இல்லைன்னா? எங்கேயும் ஓடாது. ஜல்லிக்கு நடுவில் அழகாகத் தேங்கி நிற்கும்.

இப்போ அமெரிக்கா. 1821ல் ஸ்காட்லாந்திலிருந்து வந்து நியூயார்க் மாநிலத்தில் ஜெனிவா என்ற ஊருக்குப் பக்கத்தில் நிலம் வாங்கினார் ஜான் ஜான்ஸ்டன். (முன்னாடி சொன்ன ஜான் ஜான்ஸ்டோன் வேற, இவர் வேற. நானும் நோட்ஸ் எடுக்கும்போது குழம்பினேன்.) 1835ல் ஊரிலிருந்து மாதிரி ஓடுகளை வரவழைத்து, அதைப் பார்த்து உள்ளூர் மண்பாண்டக்காரரிடம் கையாலேயே செய்ய வைத்து, வயலுக்கடியில் பதித்தார். பக்கத்துக் காட்டுக்காரர்கள் சிரித்தார்கள். நல்ல மண்பாண்டத்தைக் காசு கொடுத்து வாங்கிப் புதைக்கிறான் பாரு என்று. கோதுமை விளைச்சல் ஏறின பிறகு அந்தச் சிரிப்பு நின்றது. கடைசியில் தன் நிலத்துக்கடியில் 72 மைல், அதாவது 115 கிலோமீட்டருக்கு மேல், ஓடு பதித்திருந்தார். சென்னையிலிருந்து கிட்டத்தட்ட திண்டிவனம் வரைக்கும் போற தூரம், ஒரே ஒருத்தர் பண்ணைக்குள்ள.

ஹென்றி பிரெஞ்ச் புத்தகம் எழுதியது இந்தச் சூழ்நிலையில்தான். எனக்கு அதில் பிடித்தது பள்ளம் வெட்டுகிற பகுதி கிடையாது. வீட்டுக்கு அடியில் இருக்கும் நிலவறையின் ஈரத்துக்குத் தனியாக ஓர் அத்தியாயம் வைத்திருக்கிறார். வக்கீல் மூளை இல்லையா, சட்டத்துக்கும் ஓர் அத்தியாயம். என் நிலத்துத் தண்ணீரை உன் நிலம் வழியாகக் கொண்டுபோக எனக்கு உரிமை உண்டா? மில்காரர் ஆற்றில் அணை கட்டி என் புல்வெளியை மூழ்கடிக்கலாம் என்று சட்டம் அனுமதிக்கும்போது, நான் வடிகட்டுவதற்கு மட்டும் ஏன் அனுமதி இல்லை? மண்வெட்டியைப் பற்றி எழுத உட்கார்ந்தவர் பக்கத்து வீட்டுக்காரரில் வந்து நிற்கிறார். எங்க அம்மா கேட்ட கேள்வியும் அதுதானே.

அதே 1859ல் ஓஹையோ மாநிலம் ஒரு வாய்க்கால் சட்டம் போட்டது. தனித்தனியா ஒவ்வொருத்தரும் வெட்டினால் தண்ணீர் அடுத்தவன் தலையில் போய் விழும். அதனால் மாவட்ட நிர்வாகமே பொது வாய்க்கால் வெட்டலாம், பயன்பெறுகிறவர்களிடம் செலவை வசூலிக்கலாம் என்று ஏற்பாடு. அங்கே வடமேற்கில் பெருங்கருஞ்சதுப்பு என்று சொல்லத்தக்க ஒரு இடம், ஆங்கிலத்தில் கிரேட் பிளாக் ஸ்வாம்ப். சுமார் 190 கிலோமீட்டர் நீளம், 65 கிலோமீட்டர் அகலம். பனியுகத்து ஏரியின் அடித்தளம், அதனால் தட்டையான களிமண். வண்டிச் சக்கரம் அச்சு வரை புதையும், கொசு, மலேரியா. ஐம்பது வருஷத்துக்குள் அதை வாய்க்காலும் ஓட்டுக்குழாயுமாக வடித்து, அமெரிக்காவின் வளமான விளைநிலங்களில் ஒன்றாக்கிவிட்டார்கள். 1890களில் ஜேம்ஸ் ஹில் என்பவர் குழாய்க்குப் பள்ளம் தோண்டுகிற நீராவி இயந்திரமே கண்டுபிடித்தது அந்தப் பகுதியில்தான்.

தண்ணீர் எங்கே போனது? மௌமி ஆற்றுக்கு, அங்கிருந்து ஈரி ஏரிக்கு. நூறு வருஷத்துக்கு மேல் யாருக்கும் அது பிரச்சினையாகத் தெரியவில்லை. சதுப்பு இருந்தவரை தண்ணீர் அதுக்குள்ள மெதுவா நகரும், வண்டலும் சத்தும் வழியிலேயே தங்கும். குழாய் வந்த பிறகு வயலில் போட்ட உரத்தின் பாஸ்பரஸ் கரைந்து, பூமிக்கடியில் எக்ஸ்பிரஸ் ரூட்டில் நேரா ஆற்றுக்குப் போய்விடுகிறது. 2014 ஆகஸ்ட் மாதம் ஈரி ஏரியின் மேற்கு ஓரம் பச்சை பெயின்ட் கொட்டின மாதிரி பாசியாகி, அந்த ஏரித் தண்ணீரைக் குடிக்கிற டொலீடோ நகரத்தில் ஏறத்தாழ 4 லட்சம் பேருக்கு மூன்று நாள் குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று அறிவித்தார்கள். காய்ச்சிக் குடிக்கலாமா என்றால் அதுவும் கூடாது. காய்ச்சினால் அந்த நச்சு இன்னும் அடர்த்தியாகும். வடிகால் மட்டும் காரணம்னு நான் சொல்ல வரலை, உரம்தான் முதல் குற்றவாளி. ஆனா அந்த உரத்துக்கு ரோடு போட்டுக் கொடுத்தது வடிகால்.

சரி, எங்க வீட்டுக்கு வருவோம். நாங்க இருக்கிறது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்திலிருந்து ரெண்டு கிலோமீட்டர் தள்ளி. சுத்துவட்டாரத்து ஏரிகள் நிரம்பி வழியற தண்ணி எல்லாம் அங்கே வந்து, ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய்க் கடலைப் பிடிக்கணும். 2022ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த இடம். அதுக்குப் பக்கத்துல களிமண் மேல வீடு கட்டிட்டு, ஏன் காயலைன்னு கேக்கறது கொஞ்சம் ஓவர்தான்.

பள்ளம் வெட்டறதுக்கு முன்னாடி மட்டம் பார்க்கலாம்னு எங்க கொத்தனார் அண்ணனைக் கூப்பிட்டேன். டியூப்ல தண்ணி ஊத்தி ரெண்டு முனையையும் பிடிச்சுப் பார்த்தோம். தெருவுல இருக்கிற மழைநீர் வடிகாலோட அடிமட்டம், எங்க பின்பக்கத் தரையைவிட ஒன்பது இன்ச் உயரம். இருபது வருஷத்துல ரோடு மேல ரோடு போட்டு தெரு ஏறிடுச்சு, கூடவே வடிகாலும். நான் பிளான் பண்ண பிரெஞ்சு டிரெயினைத் தெருவோட இணைச்சிருந்தா, தண்ணி தெருவுல இருந்து வீட்டுக்கு வந்திருக்கும். அண்ணன் சிரிக்கலை. "கம்ப்யூட்டர்ல வாட்டம் காட்டாது தம்பி"ன்னு மட்டும் சொன்னார்.

அப்புறம் டியூப்பை மதிலுக்கு அந்தப் பக்கம் கொண்டு போனோம். பக்கத்து வீட்டுப் பெரியம்மா தரை எங்களைவிட அஞ்சு இன்ச் பள்ளம். தனியா இருக்காங்க, முட்டி வலி. அப்பா சொன்ன ரெண்டு லோடு ரப்பிஷ் கொட்டியிருந்தா எங்க தண்ணி மொத்தமும் அவங்க சமையலறை வாசல்ல நின்னிருக்கும். இருபத்தஞ்சு வருஷமா கூட்டும் குழம்பும் மதில் மேல கைமாறுற வீடு. அப்பா டியூப்பையே கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டு இருந்தார். ஒண்ணும் பேசலை.

எல்கிங்டன் கதையைப் படிச்சிருந்ததால எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கிட்டே இருந்தது. தண்ணி எங்கிருந்து வருது? பின்பக்கம் பெய்யற மழை மட்டும் இவ்வளவு ஈரத்துக்குப் போதுமா? மொட்டை மாடி 600 சதுர அடி. 100 மில்லிமீட்டர் மழை பெஞ்சா கிட்டத்தட்ட 5,500 லிட்டர். அது எங்கே போகுது? 2003ல மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆனப்ப போட்ட பைப் வழியா ஒரு தொட்டிக்குப் போகுது. அந்தத் தொட்டி எங்கே? யாருக்கும் ஞாபகம் இல்லை. அண்ணன் கடப்பாரையை வச்சுத் தட்டித் தட்டிப் பார்த்தார். துவைக்கிற கல்லுக்கு நாலடி தள்ளி, ஒரு இடத்துல சத்தம் மாறுச்சு. சிலாப்பைத் தூக்கினா உள்ளே விளிம்பு வரைக்கும் வண்டல். மாடித் தண்ணி மொத்தமும் இருபது வருஷமா அங்கே வந்து, இறங்க இடமில்லாம பக்கவாட்டுல பரவிக்கிட்டு இருந்திருக்கு. பீய்ச்சி எல்லாம் அடிக்கலை. நாத்தம்தான் அடிச்சுது.

இப்போ மாடித் தண்ணியை வடிகட்டி சம்ப்புக்குத் திருப்பியாச்சு. சம்ப் நிரம்பினா வழியறது தெருவுக்கு. மாடியில இருந்து வர்றதால அந்த உயரம் அதுக்கு இருக்கு. பின்பக்கம் நேரா பெய்யற மழைக்கு ஒண்ணும் பெருசா பண்ண முடியலை. ரெண்டடிக் குழி தோண்டித் தண்ணி ஊத்திப் பார்த்தோம், மறுநாள் காலையில ரெண்டு விரக்கடைதான் இறங்கியிருந்தது. அந்த மண்ணுல ஜல்லிப் பள்ளம் வெட்டினா அது பூமிக்கடியில ஒரு தொட்டி, அவ்வளவுதான். அதனால நடுவுல கொஞ்சம் தாழ்வா விட்டு, கல்வாழையும் சேம்பும் வச்சிருக்கோம். ரெண்டு நாள் தண்ணி நின்னா அதுங்களுக்குக் கவலை இல்லை. முருங்கையை முன்பக்கம் மேட்டுல புதுசா ஊனியாச்சு. ஓதம் இன்னும் அரை அடி மிச்சம் இருக்கு, கோடையில காயுதான்னு பார்க்கணும்.

ரப்பிஷ் ஒரு லோடு ஏற்கெனவே வந்து இறங்கியிருந்தது. அது இன்னும் கேட் பக்கத்துலயே குவிஞ்சு கிடக்கு, தெருப் பூனை அது மேலதான் தூங்குது. போன வாரம் பெரியம்மா மதில் வழியா எட்டிப் பார்த்து, "ஏம்ப்பா, எங்க வீட்டுலயும் அந்த மாதிரி ஒரு தொட்டி எங்கேயோ இருக்கணுமே?"ன்னு கேட்டாங்க. வியாழக்கிழமை அண்ணன் கடப்பாரையோட வர்றேன்னு சொல்லியிருக்கார்.